பூச்சியம் போடுகிற வேலை

"ரீச்சர், அந்தக் கட்டத்தை வெறுமையா விடாதேங்கோ. இல்லையெண்டா பூச்சியம் போடுங்கோ."

போன ஜனவரியில் ஒரு விடியல். மன்னார்த் தாம்போதிக்குப் பக்கத்துச் சேற்றுக்கரையில், முக்காலியில் தொலைநோக்கியைப் பூட்டிக்கொண்டு நின்ற பிள்ளை எனக்குச் சொன்னது இது. என் பேத்தி வயதுதான் இருக்கும். பல்கலைக்கழகத்தில் பறவைகளை ஆராய்கிறாள். அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பேரையும் தொகையையும் சொல்ல, நான் தாளில் எழுதவேண்டும். ஊரில் இளைப்பாறிய விஞ்ஞான ரீச்சர் ஒருத்தி இருக்கிறாள், எழுத்து நேராக நிற்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் தாழ்வுபாட்டிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தாளின் இடப்பக்கம் பறவைகளின் பேர்கள் அச்சடித்திருந்தன. கண்டவற்றுக்கு எதிரே எண்ணை எழுதினேன். காணாதவற்றை விட்டுவிட்டேன். இல்லாததை எதற்கு எழுதுவான்? அதற்குத்தான் அந்தத் திருத்தம். முப்பது வருடம் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் சுழித்தவளுக்கு, எழுபது வயதில் ஒரு பிள்ளை சுழித்துக் காட்டினாள். அந்தப் பூச்சியம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலில் மறைக்கல்வி படிப்பிக்கிறேன். பெரிய வகுப்புக்கு ஒவ்வொரு வருடமும் தாவீது அரசனின் கதை வரும். சாமுவேல் இரண்டாம் நூலின் கடைசி அதிகாரம். அரசன் தன் சனத்தை எண்ணச் சொல்கிறான். படைத்தலைவன் யோவாபு வேண்டாம் என்கிறான், அரசன் கேட்கவில்லை. ஒன்பது மாதமும் இருபது நாளும் நாடு முழுக்கத் திரிந்து கணக்கெடுத்து வருகிறார்கள். கணக்கு கைக்கு வந்த பிறகு அரசனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பெரிய பாவம் செய்துவிட்டேன் என்று. பிறகு கொள்ளைநோய். 70,000 பேர் சாகிறார்கள்.

"எண்ணினதில என்ன பிழை ரீச்சர்?" என்று யாராவது ஒரு பெடியன் கட்டாயம் கேட்பான். கடவுளை விட்டுப் படைபலத்தை நம்பினான் என்று வழக்கமான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். உண்மையில் அந்த விடை எனக்கே போதாமல்தான் இருந்தது. எங்கள் தலைமயிர் எல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று ஆண்டவர் ஆறுதல் சொல்கிறார். தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன இடையனும் எண்ணிப் பார்த்துத்தான் அந்த ஒன்று குறைவதைக் கண்டிருப்பான். எண்ணுவது ஓரிடத்தில் அன்பு, இன்னோரிடத்தில் பாவம். எங்கே அது மாறுகிறது?

சேற்றில் நின்றபோது எனக்கு முதல் துப்புக் கிடைத்தது.

ஆயிரக்கணக்கில் நிற்கிற கூட்டத்தை எப்படி எண்ணுவாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். முதலில் பத்துப் பறவையை ஒன்றொன்றாய் எண்ணுவாளாம். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வைத்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின்மேல் வைத்து வைத்து நகர்த்துவாளாம், புடவைக்கடையில் முழம் போடுகிற மாதிரி. என்னையும் பார்க்கவிட்டாள். கண்ணாடிக்குள் கொசு உள்ளான் ஒன்று நின்றது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை தரம் சேற்றைக் குத்துகிறது என்று எண்ணத் தொடங்கி, தோற்றுப்போனேன். அதன் நிறை 25 கிராம் அளவில்தான் இருக்கும். என் செபமாலையின் பாரம். அதைத் தூக்கிக்கொண்டு ஆர்ட்டிக் கரையிலிருந்து வந்திருக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் பெரிதாய், அலகு கீழ்நோக்கி வளைந்த இன்னொரு உள்ளான் வகை. அதுவும் வட சைபீரியாவில் பிறந்ததுதான்.

எங்களுக்கு உள்ளான் என்றால் உள்ளான். கரைவலை இழுக்கிற இடத்தைப் பாடு என்போம். ஊரின் பேரிலேயே பாடு இருக்கிறது. வலை கரைக்கு வந்தால் கடற்காகம் வரும். மீன் குடலுக்கு அடிபடும். சிறுவயதில் அதற்குக் கல்லெறிந்திருக்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பறவை ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்த கடற்காகத்தின் முதுகில் ஜிபிஎஸ் கருவி பூட்டி விட்டார்கள். அது ரஷ்யாவின் வடக்கு அந்தமான யமால் குடாநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது. மன்னார் நிற்பது ஏறத்தாழ 9 பாகை அகலக்கோட்டில், யமால் 70இல். நேராகப் பறந்தாலும் ஒரு வழிக்கு 6,800 கிலோமீற்றர் வரும். பறவை நேராகப் பறப்பதில்லை. நான் கல்லெறிந்த கடற்காகத்தின் தாய் எந்த ஆற்றுவாயில் அடைகாத்தாளோ!

எண்ணுகிறவர்கள் கண்டுபிடித்த இன்னொன்றை அந்தப் பிள்ளை சொன்னாள். வடக்கே லெமிங் என்று ஓர் எலி இருக்கிறது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெருகி, பிறகு சடாரென்று குறைந்துபோகும். எலி பெருகின வருடத்தில் துருவநரி எலியைத் தின்று வயிறு நிறைந்து உள்ளான் கூட்டை விட்டுவிடும். எலி இல்லாத வருடம் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். தென்னாபிரிக்கக் கரையில் அலகு வளைந்த உள்ளான்களின் கூட்டத்தில் இளசு எத்தனை என்று வருடாவருடம் குறித்துவைத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குறிப்பை விரித்துப் பார்த்தால், சைபீரியாவின் தைமிர் குடாநாட்டில் எலி ஏறி இறங்கிய கணக்கோடு அது ஒத்துப்போகிறது. உலகத்தின் அந்தத் தொங்கலில் ஓர் எலி செத்தால் இந்தத் தொங்கலில் ஒரு கட்டத்தில் எண் குறைகிறது.

மற்றக் கதைதான் என்னை உறங்கவிடவில்லை. தைமிரில் பிறந்து மேற்கு ஆபிரிக்காவின் மொரித்தானியாவுக்குப் போகிற ஓர் உள்ளான் வகை உண்டு. 1979க்குப் பிறகு ஆர்ட்டிக் உலகச் சராசரியைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாய்ச் சூடாகியிருக்கிறது. பனி முந்தி உருகுகிறது, பூச்சிகள் முந்திப் பெருகி முடிந்துவிடுகின்றன. குஞ்சு பொரிக்கிற நேரம் சாப்பாடு தாண்டிப் போயிருக்கும். குஞ்சு சிறுத்து வளரும், அலகும் கட்டையாகும். 2016இல் வந்த ஆய்வு சொல்வது இதன் மிச்சத்தை: மொரித்தானியாவின் சேற்றில் நல்ல மட்டி ஆழத்தில் கிடக்கிறது. நீண்ட அலகுக்கு எட்டும், கட்டை அலகுக்கு எட்டாது. கட்டை அலகுள்ளவை கடற்புல்லின் கிழங்கைத் தின்று காலம் தள்ளப் பார்க்கின்றன. கனக்கச் செத்துப்போகின்றன. பனி உருகியது ஒரு கண்டத்தில், பசியில் சாவது இன்னொரு கண்டத்தில்.

பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டிச் சீடர்கள் கேட்கிறார்களே, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று. ஆண்டவர் இரண்டும் இல்லை என்றார். இந்தக் குஞ்சைக் காட்டிக் கேட்டால் என்ன சொல்வார்? குஞ்சு பாவம் செய்யவில்லை, தாயும் செய்யவில்லை. கரியும் எண்ணெயும் எரித்த மனிதர்களின் கணக்கு அது. ஆனால் அலகை அளந்து, செத்ததை எண்ணி, 33 வருடத்துச் செய்மதிப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆட்கள் இல்லாவிட்டால், அந்தச் சேற்றில் செத்த குருவியைக் கடவுள் சித்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். எண்ணாத இடத்தில் எல்லாப் பழியையும் அவர்மேல் போடுவது எங்களுக்குச் சுகம்.

எங்கள் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எண்ணத் தெரியும். அப்போது எஞ்சின் படகு குறைவு, வள்ளந்தான். பின்னேரம் தொழிலுக்குப் போனவர்கள் விடியத் திரும்புவார்கள். அம்மா கரைக்கு வந்து, கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு எண்ணுவா. 64ஆம் ஆண்டுப் புயலுக்கு அடுத்த வருடம் என்று நினைக்கிறேன், ஒரு விடியல், நானும் அவவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பாவின் வள்ளம் மூன்றாவதாய் வந்து ஏறிவிட்டது. வா வீட்டுக்குப் போவோம் என்று இழுத்தேன். அம்மா அசையவில்லை. "ஏழு போனது. ஆறுதான் வந்திருக்கு" என்றா. அப்பாவும் மீனைப் பிரிக்காமல் வந்து பக்கத்தில் நின்றார். வெயில் ஏறி, மணல் காலைச் சுட, ஏழாவது வந்தது. பாய்மரம் முறிந்து, துடுப்பில். யாருடைய வள்ளம் என்பதுகூட இப்போது நினைவில்லை. அவ எண்ணியது எங்களுடைய வள்ளத்தை அல்ல, குறைந்த வள்ளத்தை.

தாவீதின் பிழை அறுபது வருடம் கழித்துச் சேற்றுக்குள் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அவன் எண்ணியது தன்னிடம் இருப்பதை. எனக்கு எத்தனை வாள், எத்தனை தோள். அம்மா எண்ணியது இல்லாததை. இடையன் எண்ணியதும் அதைத்தான். எங்கள் பாஷையில் எண்ணுவதற்கும் நினைப்பதற்கும் ஒரே சொல் இருப்பது வீணுக்கு அல்ல. குறைந்தவரை எண்ணும்போது அவரை நினைக்கிறோம். இருப்பதை எண்ணும்போது பெரும்பாலும் எங்களையே நினைக்கிறோம்.

குருவியைப் பற்றி மத்தேயு எழுதும்போது விலை காசுக்கு இரண்டு. லூக்கா எழுதும்போது இரண்டு காசுக்கு ஐந்து. மீன் வாங்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும். நாலுக்குத்தான் காசு, ஐந்தாவது, வியாபாரி சும்மா மேலே தூக்கிப் போட்டது. விலையே இல்லாத அந்த ஐந்தாவதையும் கடவுள் மறப்பதில்லை என்பதுதான் அங்கே சேதி. அது விழாது என்று ஆண்டவர் சொல்லவில்லை. விழும். விழுகிறது. தந்தைக்குத் தெரியாமல் விழாது என்கிறார். சிறுவயதில் இது எனக்குக் காணாது. தெரிந்தும் விழவிடுகிற தகப்பன் என்ன தகப்பன்? இன்றும் அந்தக் கேள்விக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் யாருக்கும் தெரியாமல் விழுவது எவ்வளவு கொடியது என்று இந்த மாவட்டத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

2011 ஜனவரியில் எங்கள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்த சனம், கச்சேரிக் கணக்கின்படி 429,059. போர் முடிந்து 2009 ஜூலை வரையில் அரச கட்டுப்பாட்டுக்குள் வந்து சேர்ந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேர் எங்கே? ஒன்று அரச தாளில் இருந்த எண், மற்றது ஐ.நா. தாளில் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் செய்யக்கூடிய கழித்தல். அந்தத் தொகையைப் பற்றி வாதம் செய்தவர்கள் உண்டு. ஆனால் ஏழு போனது, ஆறுதான் வந்திருக்கிறது என்று கரையில் நின்று சொல்ல ஒருவர் இருந்தார். 2021 ஏப்ரல் 1ஆம் திகதி ஆண்டகை காலமானார். அந்தக் கழித்தலுக்கு விடை எழுதியவர் இன்னும் இல்லை.

இப்போது எங்கள் தென்கரை நெடுகிலும் 30 காற்றாலைக் கோபுரங்கள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்த தம்பபவனி. அதன் வலு 103.5 மெகாவற்று என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அரை மெகாவற்றையும் விடாமல் எண்ணியிருக்கிறார்கள். அந்த மின்சாரத்தில்தான் நானும் இரவில் விவிலியம் வாசிக்கிறேன். கரி எரிக்காத மின்சாரம் வடக்கே பனியைக் காக்கும் என்பதையும் விஞ்ஞானம் படிப்பித்தவள் மறுக்கமாட்டேன். மேலும் கோபுரம் வேண்டாம் என்று ஊர்ச்சனம் வீதியில் இறங்கியபோது நான் இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒன்றை மட்டும் கேட்கத் தெரியும். எடுத்ததை அரை மெகாவற்றும் விடாமல் எண்ணத் தெரிந்த நாங்கள், இறக்கையில் அடிபட்டு விழுந்ததையும் அதே கவனத்தோடு எண்ணுகிறோமா? எண்ணினால் அது இடையன் கணக்கு. எண்ணாவிட்டால் தாவீதின் கணக்கு.

இந்த ஞாயிறு பெரிய வகுப்பில் மறுபடி தாவீது வந்தான். கேள்வியும் வந்தது. நான் பாட்டுக்கு அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. கரும்பலகையில் இரண்டு கட்டம் கீறினேன். ஒன்றை வெறுமையாய் விட்டேன். மற்றதில் பூச்சியம் போட்டேன். என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பின்வாங்கில் இருந்த பிள்ளை சொன்னாள், இரண்டும் ஒண்டுதானே ரீச்சர், ஒண்டும் இல்லை.

"இது, ஒருத்தரும் போய்ப் பார்க்கேல்லை" என்று வெறுமையான கட்டத்தைக் காட்டினேன். "இது, ஒருத்தர் விடிய எழும்பி, சேத்துக்க நிண்டு, கண் நோகப் பார்த்திட்டு எழுதினது."

அந்தப் பிள்ளையின் பெரியப்பா 2009இலிருந்து வரவில்லை. அவளுடைய அப்பம்மா இன்னும் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் நிற்கிறா என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. பிள்ளை கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொப்பியில் இரண்டு கட்டத்தையும் கீறி, பூச்சியத்தை அழுத்தி எழுதினாள்.

வருகிற ஜனவரியிலும் வரச்சொல்லி அந்த ஆராய்ச்சிப் பிள்ளை தொலைபேசியில் கேட்டிருக்கிறாள். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.