இரவின் ஐயமும் அறத்தின் தீர்ப்பும்: ‘காஞ்சனை’யை முன்வைத்து

முன்பின் அறியாத ஒருவரைக் குற்றமுடையவர் எனத் துணிவதற்கு அச்சம் ஒன்றே சான்றாகுமா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. புதுமைப்பித்தனின் (1906–1948) ‘காஞ்சனை’ இவ்வினாவை இரவுப்பொழுதில் வைத்து எழுப்புகிறது. 1943இல் வெளிவந்த தொகுப்பிற்குத் தன் பெயரையே தந்த இச்சிறுகதை பெரும்பாலும் பேய்க்கதையாகவே எண்ணப்படுகிறது. எனினும், அதன் மையச் சிக்கல் பேய் உண்டா இல்லையா என்பதன்று.

உறக்கம் வாராத எழுத்தாளனாகிய கணவனே கதையைக் கூறுகிறான். பிச்சை கேட்டு வந்த பெண்ணொருத்தியை அவன் மனைவி வீட்டுவேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். இரவில் எழும் நாற்றமும் நிழலாடும் தோற்றங்களும் அவள் மானிடப் பெண்தானா என்னும் ஐயத்தை அவனுள் வளர்க்கின்றன. கனவும் நனவும் எல்லை மயங்குகின்றன. ஐயத்தைத் தீர்க்கும் விடையை ஆசிரியர் இறுதிவரை தருவதில்லை.

இயற்கை விளக்கத்திற்கும் இயற்கை கடந்த விளக்கத்திற்கும் இடையே வாசகர் தயங்கி நிற்பதே இவ்வகை இலக்கியத்தின் இயல்பு என்று தொதொரோவ் 1970இல் வரையறுத்தார். அவர் கூறும் தயக்கம் ஓர் இலக்கிய வகையின் இலக்கணமாகும். ‘காஞ்சனை’யிலோ அது அறத்தின் தேவையாகவும் ஆகிறது. ஏனெனில், இங்கு ஐயத்திற்கு உள்ளானவள் போக்கிடமற்ற ஓர் ஏழைப்பெண். அவளைப் பற்றி வாசகர் அறிவதனைத்தும் அஞ்சியவனின் கூற்றேயாகும்.

தமிழ் அளவையியல் மரபு இவ்விடத்தில் துணைசெய்கிறது. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதை’ அளவைகளின் குற்றங்களுள் ஐயத்தையும் தேராது தெளிதலையும் வெவ்வேறாக எண்ணுகிறது. வள்ளுவரும் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தின் இறுதியில் ஆராயாது நம்புதலையும் நம்பியபின் ஐயுறுதலையும் ஒருங்கே கடிகிறார். மனைவியின் பரிவில் முன்னதன் சாயலும், அவள் ஏற்றுக்கொண்டவளைக் கணவன் ஐயுறுவதில் பின்னதன் சாயலும் புலப்படுகின்றன.

அவள் பேயே என்று துணியும் வாசகர் ஆதரவற்ற ஒருத்தியை இருளின் சான்றைக் கொண்டு தண்டித்தவராவார். வெறும் மனப்பிரமை என்று தள்ளுபவர் மனைவிக்கு நேரக்கூடிய தீங்கைப் பொருட்படுத்தாதவராவார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. ஐயம் விழிப்பை நியாயப்படுத்தும், தீர்ப்பை நியாயப்படுத்தாது. மனைவியைக் காக்க விழித்திருத்தல் கடமை. அதன்பொருட்டு மற்றொருத்தியைப் பேயென உறுதிசெய்தல் கடமையன்று.

புதுமைப்பித்தன் மறைந்தது 1948இல், திருவனந்தபுரத்தில். அந்நகரின் வடபால் அமைந்த கழக்கூட்டம், 1990இல் தொழில்நுட்பப் பூங்கா நிறுவப்பட்டபின், வேற்றூரார் பலர் பணிக்கு வந்து தங்கும் இடமாயிற்று. இத்தகைய ஊர்களில் இரவில் எதிர்ப்படும் புதியவர் யார் என்னும் வினா நாள்தோறும் எழக்கூடியது. வினா எழுவது குற்றமன்று. கேட்டு அறியுமுன் அச்சமே விடையாகிவிடுவதுதான் குற்றம். ‘காஞ்சனை’ விடையின்றி முடிவதன் அறப்பயன் இவ்வேறுபாட்டை உணர்த்துவதில் அடங்கியுள்ளது எனலாம்.