‘மௌன ராகம்’: திருமணமும் சம்மதமும்

ஒரு திருமணத்துக்கு அறத்தகுதி தருவது எது? மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதா, மணப்பவர் இருவரும் மனமொப்பினார்களா என்பதா? காதல் கல்யாணமா, பெரியோர் பார்த்து வைத்த கல்யாணமா என்ற பழைய வழக்கின் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். தமிழ்த் திரையில் இதைக் கூர்மையாக முன்வைத்த படங்களுள் ஒன்று, மணிரத்னம் எழுதி இயக்கி 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘மௌன ராகம்’. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது.

கதையின் நாயகி திவ்யா (ரேவதி). அவளைப் பெண் பார்க்க வரும் சந்திரகுமாரை (மோகன்) அவள் மறுக்கிறாள். தந்தைக்கு மாரடைப்பு வந்த பிறகே கல்யாணத்துக்கு இணங்குகிறாள். தில்லியில் குடித்தனம் தொடங்கியதும், என்ன பரிசு வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள். அவள் காதலித்த மனோகர் (கார்த்திக்), பதிவுத் திருமணம் நடக்கவிருந்த நாளில் போலீஸ் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவன். அதைக் கேட்ட சந்திரகுமார் அவளைத் தடுக்கவில்லை, பிரிவதற்கு ஒப்புக்கொள்கிறான். ஆனால் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்கிறார் வழக்கறிஞர். அந்தக் காத்திருப்புக் காலத்தில் திவ்யாவின் மனம் மாறுகிறது. கடைசியில் ரயில் நிலையத்தில் கணவன் நீட்டும் விவாகரத்துப் பத்திரத்தை அவளே கிழித்துப் போடுகிறாள்.

இந்த ஓராண்டு கதாசிரியரின் கற்பனை அல்ல. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, மணமாகி ஓராண்டு முடியும் முன் விவாகரத்து மனுவைப் பொதுவாக ஏற்பதில்லை. இருவரும் ஒத்துப் பிரியும் உரிமை 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 13பி பிரிவாகச் சேர்ந்தது. படம் வெளிவந்தபோது அந்த உரிமைக்குப் பத்து வயதுதான். ஆகவே திவ்யாவின் இரண்டாவது முடிவு, விலகிச் செல்லும் வழி உண்மையாகவே திறந்திருந்த நிலையில் எடுக்கப்பட்டது. முதல் சம்மதத்துக்கு அந்தத் தகுதி கிடையாது. நோய்ப்படுக்கையில் கிடக்கும் தந்தையின் முன் ஒரு மகளால் ‘முடியாது’ என்று சொல்ல இயலாது.

தமிழ் இலக்கணம் இக்கேள்வியை வேறு வழியில் அணுகியது. தொல்காப்பியம் அகவாழ்வைக் களவு, கற்பு என இரு கட்டங்களாக வகுக்கிறது. பிறர் அறியாமல் இருவர் மனம் கலப்பது களவு. சடங்கோடு கூடி ஊரறிய வாழ்வது கற்பு. கொடுப்பதற்கு உரியவர்கள் கொடுக்க, கரணம் எனும் மணச்சடங்கோடு கொள்வதே கற்பு என்று சொல்லும் அதே நூல், உடன்போக்கில் சென்றவர்களுக்குக் கொடுப்பவர் இல்லாமலும் கரணம் நிகழலாம் என இடம் தருகிறது. உலகில் பொய்யும் பிழையும் தோன்றிய பிறகே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்றும் காரணம் கூறுகிறது. அதாவது, சடங்கு அன்பைப் பிறப்பிக்க வந்ததல்ல. கைவிடப்படாமல் அதைக் காக்க வந்தது.

வடமொழி தர்ம சாத்திரங்கள் எண்வகை மணங்களைச் சொல்கின்றன. தந்தை மகளைத் தானமாகக் கொடுக்கும் பிராமம் அவற்றில் உயர்ந்ததாகவும், இருவர் விருப்பத்தால் மட்டும் கூடும் காந்தர்வம் அதற்குக் கீழாகவும் வைக்கப்பட்டன. ஆனால் ஒரே மணப்பந்தலில் இரு கருத்துகளும் அருகருகே இருக்கின்றன. கன்னிகாதானத்தில் பெண் கொடுக்கப்படுபவள். சப்தபதியில் அவள் தன் காலால் ஏழடி நடப்பவள். சப்தபதி அடங்கிய சடங்கில் ஏழாவது அடியோடுதான் திருமணம் நிறைவடைகிறது என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு.

முருக வழிபாடு இரு மணங்களையும் ஒரே சன்னதியில் வைக்கிறது. தெய்வயானையை இந்திரன் திருப்பரங்குன்றத்தில் மணமுடித்துக் கொடுத்தான். வள்ளியை முருகன் தினைப்புனத்தில் களவில் கொண்டான். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் இருவருமே முற்பிறப்பில் திருமாலின் மகளிர். முருகனை அடைய வேண்டி முன்பே தவமிருந்தவர்கள். ஆகவே தெய்வயானையின் மணத்திலும் தந்தை கொடுப்பதற்கு முன்பே மகளின் விருப்பம் இருக்கிறது. வள்ளியின் களவும் வளர்ப்புத் தந்தை நம்பிராசன் முறைப்படி மகளைக் கொடுப்பதில் முடிகிறது. பல்லாவரத்துக்கு மேற்கே உள்ள குன்றத்தூர் மலைக்கோயிலில், ஒரு பக்கமாக நின்று பார்த்தால் முருகனோடு ஒரு தேவி மட்டுமே தெரிவார் என்பார்கள். ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு மற்ற தேவி தெரியாவிட்டாலும், இருவருக்கும் அங்கே இடம் உண்டு.

சம்மதத்தையே சடங்காக்கியது சுயமரியாதைத் திருமணம். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. புரோகிதர் தேவையில்லை. ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவரும் தமக்குப் புரியும் மொழியில் சொல்வதோ, மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும்.

‘மௌன ராகம்’ மீது வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. மனமில்லாமல் நடந்த கல்யாணம் பின்னால் இனித்துவிடும் என்று அது பெற்றோருக்குத் துணிவு தருகிறது. பழைய காதலனைச் சாகடித்துச் சிக்கலை எளிதாக்குகிறது. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) காதலனை உயிரோடு வைத்திருந்தது. அங்கே கணவனே மனைவியைக் காதலனிடம் சேர்த்துவைக்க முன்வருகிறான். அவளால் தாலியைக் கழற்ற இயலவில்லை என்பதைக் காட்டிக் காதலன் விலகிக்கொள்கிறான். அங்கே வென்றது தாலியின் புனிதம். திவ்யாவின் கதையில் முடிவைச் சொல்பவள் அவளே. ஆனாலும் பிந்தைய அன்பு முந்தைய வற்புறுத்தலை நியாயமாக்கிவிடாது. சந்திரகுமார் பிரிவுக்கு இணங்காதவனாக இருந்திருந்தால், அவள் மனமாற்றத்தை அன்பென்றோ வேறு வழியில்லாத பணிவென்றோ பிரித்தறிய முடியாமல் போயிருக்கும்.

சாதிக்குள்ளேயே வரன் தேடும் வழக்கம் இக்கேள்வியை மேலும் கடினமாக்குகிறது. பெற்றோர் பார்ப்பது மகளின் நலனை மட்டுமல்ல. குலத்தின் எல்லையையும் சேர்த்தே. அங்கே மகளின் ‘வேண்டாம்’ ஒரு வரனை மட்டும் மறுப்பதில்லை, அந்த எல்லையையும் மறுக்கிறது. அதனால்தான் அதற்குச் செவி கிடைப்பது அரிது.

காதல் மணமும் இச்சோதனையிலிருந்து தப்புவதில்லை. மணிரத்னத்தின் ‘அலைபாயுதே’ (2000) வீட்டாருக்குத் தெரியாமல் மணந்த இருவரைக் காட்டி, சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகு அவர்களுக்குள் விழும் விரிசலையும் காட்டியது. ஒருமுறை தேர்ந்தெடுத்தது வாழ்நாள் முழுவதற்கும் போதுமானதாக இல்லை. எந்த வழியில் அமைந்த மணமானாலும், மறுக்கும் உரிமை இருவருக்கும் இருந்ததா என்பதே முதல் அளவுகோல். மணத்துக்குப் பின்னும் அந்த உரிமை நிலைக்கிறதா என்பது இரண்டாவது. இவ்விரண்டும் உள்ள இடத்தில் வரனைப் பார்த்தவர் தரகரா, தாயா, தானா என்பது அறக்கேள்வியாக இருப்பதில்லை.