உங்க விருப்பம்

கீமோ போர்ட் ஒரு சின்னப் பொருள். ஐம்பது காசை விடக் கொஞ்சம் பெரிய வட்டம், டைட்டானியத்திலோ கெட்டிப் பிளாஸ்டிக்கிலோ செய்த குட்டிக் கிண்ணம். மேலே சிலிக்கோன் மூடி, பக்கவாட்டில் மெல்லிய குழாய். காறை எலும்புக்குக் கீழே தோலைக் கீறி உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்கள். குழாயின் மறுமுனை இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய ரத்தநாளத்தில் போய் நிற்கும். கீமோ மருந்துகள் கையின் சிறு நரம்புகளைப் புண்ணாக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இதில் குத்துவதற்கென்றே நுனி வளைந்த ஹூபர் ஊசி இருக்கிறது. அது மூடியைத் துளைத்துத் துண்டாக வெட்டி எடுக்காது. உருவியதும் சிலிக்கோன் தானே மூடிக்கொள்ளும். பொறியியல் படித்தவனுக்கு இதைப் பார்த்தால் மரியாதை வரும்.

சிகிச்சை நடக்கும்வரை யாரும் இதைப் பற்றி யோசிப்பதில்லை. முடிந்ததும்தான் கேள்வி வருகிறது. இதை எடுத்துவிடலாமா, இருக்கட்டுமா?

மருத்துவரீதியாகப் பார்த்தால் இது பெரிய விஷயமே இல்லை. எடுப்பதற்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். வைத்திருந்தால் சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் உப்புநீர் செலுத்திக் குழாயைக் கழுவ வேண்டும். நான்கு வாரம் என்பது பழைய கணக்கு, இப்போது சில இடங்களில் அதை இன்னும் நீட்டிக்கிறார்கள். உள்ளே இருக்கும்வரை தொற்று வரலாம், ரத்தம் உறையலாம். அபூர்வமாகக் குழாய் உடைவதும் உண்டு. எடுத்த பிறகு நோய் திரும்பினால் இன்னொரு போர்ட் வைக்கலாம்.

நான் கட்டடங்களின் தண்ணீர்க் குழாய்களோடு வேலை செய்கிறவன். எங்கள் தொழிலில் 'டெட் லெக்' என்று ஒன்று உண்டு. யாரும் திறக்காத குழாய்க் கிளை. அதில் தண்ணீர் தேங்கும், பாசி பிடிக்கும், லீஜியோனெல்லா மாதிரி கிருமிகள் குடியேறும். வெட்டி எடு, இல்லாவிட்டால் தவறாமல் தண்ணீரை ஓடவிடு என்பதுதான் விதி. போர்ட்டுக்கும் இதே நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் அதே பம்ப் அறையில் ஸ்டேண்ட்பை பம்பும் இருக்கிறது. வருஷக் கணக்கில் சும்மா கிடந்தாலும் அதை யாரும் கழற்றச் சொல்வதில்லை. தீப்பிடித்த பிறகு தீயணைப்பு பம்பை வாங்கி வர முடியாது, அதனால் வைத்திருக்கிறோம். அப்படியென்றால் கேட்க வேண்டிய கேள்வி, தேவை வரும்போது ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்குமா என்பதுதான். புற்றுநோய் திரும்பினாலும் பொதுவாகப் பரிசோதனை, ஸ்கேன், சிகிச்சைத் திட்டம் என்று நாட்கள் இருக்கும். அதற்குள் புதிதாக ஒரு போர்ட் வைத்துவிடலாம். ஆகவே, நல்லபடியாகச் சிகிச்சை முடிந்த ஒருவருக்கு 'எதுக்கும் இருக்கட்டும்' என்கிற வாதம் இந்தக் கணக்கில் மெலிந்து போகிறது.

கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் வீடுகளில் இது மாசக்கணக்கில் இழுக்கிறது?

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ, அறுவை, பிறகு ஒரு வருஷம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து. அந்தக் காலம் முழுக்க அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எந்த மருந்து, எத்தனை தடவை, என்ன இடைவெளி எல்லாமே எழுதப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடுவது மட்டும்தான் அவர் வேலை. கடைசி டோஸ் முடிந்த அன்று டாக்டர் போர்ட்டைக் காட்டி, "எடுக்கணும்னா எடுக்கலாம், வச்சிருக்கணும்னா வச்சிருக்கலாம். உங்க விருப்பம்" என்றார். நோய் வந்ததிலிருந்து பெரியம்மா காதில் விழுந்த முதல் 'உங்க விருப்பம்' அது.

இந்தச் சின்ன முடிவு கனப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பெரிய முடிவுகள் எதுவும் நம் கையில் இல்லாமல் போய், கடைசியில் ஒரே ஒரு சின்ன முடிவு மட்டும் கைக்கு வரும்போது, முன்பு எடுக்க முடியாமல் போனவற்றின் பாரமெல்லாம் அதன் மேல் ஏறிக்கொள்கிறது.

இன்னொரு காரணம் சகுனம். குடை எடுத்துப் போனால் மழை வராது, எடுக்காமல் போனால் கொட்டும் என்று எல்லோருக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் 'வரேன்னு சொல்லு' என்று திருத்துகிற வீடுகள் நம்முடையவை. அந்தப் பழக்கத்தில் போர்ட்டை எடுப்பது விதியைச் சீண்டுவது போலத் தெரியும், 'எடுத்தா திரும்ப வந்துடும்' என்று தோன்றும். இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோய் திரும்புமா இல்லையா என்பதில் போர்ட்டுக்கு ஓட்டு கிடையாது. எடுப்பதால் யாரும் 'இனி வராது' என்று ஜோசியம் சொல்லிவிடவில்லை. இன்றைக்கு இது தேவையில்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

'பயம் போகட்டும், பிறகு எடுக்கலாம்' என்பதும் நடக்காத காரியம். மார்பகப் புற்றுநோயில் சில வகைகள் திரும்புவதென்றால் முதல் சில ஆண்டுகளிலேயே அதிகம் திரும்புகின்றன. ஹார்மோன் சார்ந்த வகை 20 ஆண்டு கழித்துக்கூட வரலாம். இனி நிச்சயம் என்று சொல்லும் தேதி நாட்காட்டியில் இல்லை. தானும் புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹ்யூ மல்லன் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரையில், குணமானவர், குணமாகாதவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரிப்பது போதாது என்று வாதிட்டார். சிகிச்சைக்கும் நிரந்தர மீட்சிக்கும் நடுவில் நீண்ட காத்திருப்புப் பருவம் ஒன்று இருக்கிறது என்றார். போர்ட் அந்த நடுப்பருவத்துப் பொருள்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற கேள்வி. பெரியம்மா வீட்டில் இரண்டு கட்சி. அண்ணன், "இருக்கட்டும்மா, ஒருவேளை…" என்று ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை. அக்காவோ, "எடுத்துடுங்கம்மா, அதப் பாத்தாலே எனக்குப் பக்குனு இருக்கு" என்பார். இருவருமே பாசத்தில்தான் பேசினார்கள். ஆனால் கார் ஓட்டும்போது சீட் பெல்ட் வலது தோளில் போர்ட் மேலேயே உரசுவது பெரியம்மாவுக்குத்தான். நம் ஊரில் ஓட்டுபவர் வலது பக்கம் உட்காருகிறார், அவருக்குப் போர்ட்டும் வலது பக்கம்தான். துவாலையை மடித்து இடையில் வைத்துக்கொள்வார். ஒருநாள் அவரே சொன்னார், "எல்லாரும் என் நெஞ்சப் பாத்தே பேசுறீங்க. மூஞ்சப் பாத்துப் பேசுங்க."

நம் பயத்தை இன்னொருவர் உடம்பில் வைத்துத் தைக்கச் சொல்லலாமா? ஆட்ரி லார்ட் என்ற கறுப்பினக் கவிஞர் 1980-இல் வெளியிட்ட 'கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் இதற்கு நெருக்கமான ஒன்று வருகிறது. மார்பு நீக்கப்பட்ட பிறகு செயற்கை மார்பு அணிய அவர் மறுத்தார். அதை அணியாமல் வந்தால் கிளினிக்கில் மற்றவர்களின் மனத்தெம்பு குறைந்துவிடும் என்கிறார் ஒரு நர்ஸ். அந்தப் பஞ்சு யாருடைய நிம்மதிக்காக என்பதுதான் லார்டின் கோபம். போர்ட்டிலும் அதே கேள்விதான். வைக்கச் சொல்பவருக்குப் பாதுகாப்பு உணர்வு வேண்டும், எடுக்கச் சொல்பவருக்கு 'எல்லாம் முடிஞ்சுடுச்சு' என்கிற அறிவிப்பு வேண்டும். இருவரும் கேட்பது தங்களுக்கான மருந்தை.

அப்படியானால் குடும்பம் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? அதுவும் சரியில்லை. கழுவப் போகும் நாளில் லீவு போட்டுக் கூட்டிப் போவது யார்? காய்ச்சல் வந்தால் இது போர்ட் தொற்றா என்று ராத்திரியில் ஓடுவது யார்? அவர்களுக்கும் பேச உரிமை உண்டு. 'எனக்குப் பயமா இருக்கு' என்று தன் பெயரில் சொல்லலாம். அதையே 'உங்க நல்லதுக்குத்தான்' என்று மாற்றிச் சொல்வதுதான் தப்பு.

பெரியம்மா கடைசியில் ஒரு வருஷம் வைத்துக்கொள்வது, அடுத்த மேமோகிராம் பார்த்த பிறகு எடுப்பது என்று முடிவு செய்தார். என் கணக்கு வேறு விடை சொன்னது. அவர் சொன்ன காரணம் இது: அறுவை நடந்த பக்கத்துக் கையில் ஊசி போடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு கையில் நரம்பு கிடைக்காமல் மிஸிகள் திரும்பத் திரும்பக் குத்தியது அவருக்கு நோயை விடக் கொடுமையாக இருந்திருக்கிறது. அந்த வலியின் எடை என் கணக்கில் வர வழியே இல்லை, அது அவரிடம் மட்டும் இருந்த எண். அதே எண்ணை வைத்து இன்னொருவர் நாளைக்கே எடுத்துவிடச் சொல்லலாம். அதுவும் சரியான முடிவாகத்தான் இருக்கும்.

இரண்டு பக்கமும் சேதம் குறைவாக இருக்கும் இடத்தில் சரியான விடையைத் தேடி அலைவதை விட, முடிவு உரியவர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பதே மேல். அதற்கு 'உங்க விருப்பம்' என்ற வார்த்தை மட்டும் போதாது. சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்தால், அது கை கழுவுவது. சொல்லிவிட்டுக் கூட ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, எது தெரியும் எது தெரியாது என்று விளக்கினால்தான் அது விருப்பம். டாக்டருக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் நமக்கும் அந்த ஐந்து நிமிஷம் பொருந்தும்.