முதற்சொல்லே பெயராக

ஆத்திசூடி படிக்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? ஆனால் அந்தப் பெயருக்கும் நூலின் பொருளுக்கும் என்ன உறவு என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். ஆத்தி மாலை சூடியவன் சிவபெருமான். கடவுள் வாழ்த்து அவனைச் சொல்லித் தொடங்குகிறது. தொடக்கச் சொல்லே நூலுக்குப் பெயராகிவிட்டது. கொன்றைவேந்தனும் அப்படித்தான். மூதுரைக்கு வாக்குண்டாம் என்ற மறுபெயர் வந்ததும் அவ்வாறே. உள்ளே இருப்பவை அறவுரைகள். வாசலில் தொங்குவதோ ஒரு மலர்மாலை! திருக்குறளின் வழி வேறு. அதன் 133 அதிகாரங்களுக்கும் பொருளே பெயர்.

யூதர்களிடமும் முதற்சொல்லைப் பெயராக்கும் வழக்கம் உண்டு. மோசேயின் ஐந்து நூல்களை அவர்கள் 54 பகுதிகளாக வகுத்து, ஓய்வுநாள்தோறும் ஓதி, ஓராண்டில் முடிக்கிறார்கள். நமக்கு அயலான கொச்சியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயம் பல தலைமுறைகள் இந்த ஓதலைக் கேட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் அதன் தொடக்கத்திலுள்ள ஓரிரு சொற்களே பெயர்.

அவற்றுள் ஒன்றின் பெயர் 'சாராளின் வாழ்நாள்'. சாராள் 127 ஆண்டு வாழ்ந்தாள் என்று தொடங்கி, அடுத்த வாக்கியத்திலேயே அவள் இறந்ததைச் சொல்லிவிடுகிறது அது. பிறகு ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து அவளுக்குக் கல்லறை நிலம் வாங்குகிறான்; மகன் ஈசாக்குக்குப் பெண் தேட ஆள் அனுப்புகிறான். யாக்கோபின் மரணத்தைச் சொல்லும் பகுதிக்கும் 'வாழ்ந்தான்' என்றே பெயர்.

முதற்சொல் அப்படி அமைந்தது தற்செயல்தானே, அதில் என்ன தத்துவம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெயரிட்டவர் எந்தத் தத்துவத்தையும் கருதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்குப் பெயரிடுகிறோமே, அதன் வாழ்வை அறிந்தா இடுகிறோம்? வாழ்ந்துதான் அது தன் பெயருக்குப் பொருள் தேட வேண்டும். ஆண்டுதோறும் ஒரு சாவைப் படித்து, அதற்கு 'வாழ்நாள்' என்று பெயர் சொல்லி வந்த மக்கள், அந்தத் தற்செயலிலிருந்து ஓர் உண்மையைக் கற்றுக்கொண்டார்கள். ஒருவர் இல்லாமற் போனபின் எஞ்சி நிற்பதும் அவர் வாழ்வில் சேர்ந்ததே என்பதுதான் அது.

நாம் மனிதர்களுக்கு எப்படிப் பெயரிடுகிறோம்? மதுரையை ஆண்ட ஒரு பாண்டியனைப் பெரியபுராணம் நின்றசீர் நெடுமாறன் என்கிறது. ஞானசம்பந்தரின் பாட்டால் அவன் கூன் நிமிர்ந்தது என்பது கதை. நிமிர்ந்து என்ன பயன்? ஊர் வாயில் இன்னும் அவன் கூன் பாண்டியன்தான்! ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கூனை நாம் மன்னிக்கவில்லை.

மன்னனுக்கே இந்தக் கதி என்றால் நம் தெருவில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்க வேண்டுமா? நாற்பது ஆண்டு நாணயமாகக் கடை நடத்தியவர் கடைசியில் நொடித்துப் போனால், 'மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்' என்பதே அவர் பெயர். வாழாமல் வீடு திரும்பிய பெண்ணுக்கு 'வாழாவெட்டி' என்று பெயர். ஒரு வாழ்வின் ஏதோ ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்து, அதையே முழு நூலுக்கும் தலைப்பாக ஒட்டிவிடுகிறோம்.

மதுரைச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதிகள் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சிறு வெற்றிடம். அந்த மனிதர் வாழ்ந்ததெல்லாம் அதற்குள்தான். அவரை நினைக்கும்போது அங்கிருந்தல்லவா ஒரு சொல்லை எடுக்க வேண்டும்?