நோன்புக்குக் கூலி கொடுக்கலாமா?



ஷஅபான் மாதக் கடைசியில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய், என் வீட்டாரிடம் வந்து ஒரு மஸ்அலா கேட்டுச் சென்றார். "போன ரமழானில் ஒரு நோன்புக்கு ஐம்பது ரூபாய் என்று மகனிடம் பேசினேன். ஒன்பது வயதுப் பிள்ளை மாதம் முழுவதும் பிடித்துவிட்டான். சொந்த பந்தமெல்லாம் மெச்சியது. இந்த வருஷம் நூறு கேட்கிறான். தராவிட்டால், 'எனக்குத்தான் இன்னும் கடமையாகவில்லையே உம்மா' என்கிறான். கொடுக்கலாமா, கூடாதா? ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்றாராம்.

பிள்ளை சொன்ன சட்டம் சரிதான். பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு ஃபர்ளு அல்ல. அதை மதரஸாவில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்!

'கூடும்', 'கூடாது' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தத் தாயின் கவலை அந்த ஐம்பது ரூபாயில் இல்லை. பிள்ளையின் கல்பில் நோன்பு ஒரு அமலாக இறங்கியதா, அல்லது கணக்கு வழக்காக இறங்கியதா என்பதுதான் அவரை உறுத்தியது. அன்று சுருக்கமாகச் சொல்லியனுப்பியதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒரு காரியத்தைச் செய்யும்படி மனிதனைத் தள்ளுவது எது? உள்ளே இருந்து எழும் நாட்டமா, வெளியே இருந்து நீட்டப்படும் கூலியா, பிறருடைய மெச்சுதலா? செயல்கள் நிய்யத்தைக் கொண்டே அமைகின்றன என்னும் கருத்துள்ள ஹதீஸை ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அதையே தம் கிரந்தத்தின் முதல் ஹதீஸாக வைத்தார்கள். மார்க்கச் சட்டத்தின் எழுபது பாடங்களில் இந்த ஹதீஸ் நுழைகிறது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் சொல்லாக வந்துள்ளது.

சரி, பிள்ளைகள் விஷயத்தில் ஸஹாபாக்கள் என்ன செய்தார்கள்? ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணி அறிவிப்பதைப் பாருங்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. ஆஷூரா நாளன்று காலையில் நோன்பு பற்றிய செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளின் ஊர்களுக்குச் சொல்லியனுப்பினார்கள். அதன் பிறகு அந்த நாளில் அவர்கள் தாமும் நோன்பு நோற்று, தம் பிள்ளைகளையும் நோற்கச் செய்வார்கள். கம்பளி ரோமத்தால் விளையாட்டுப் பொம்மை செய்து வைத்துக் கொள்வார்கள். பிள்ளை பசியால் அழுதால் அந்தப் பொம்மையைக் கையில் கொடுத்து, இஃப்தார் நேரம் வரை போக்குக் காட்டுவார்கள்.

அந்தப் பொம்மையைக் கவனியுங்கள். நோன்பு முடிந்த பிறகு எண்ணிக் கொடுத்த கூலி அல்ல அது. பசி தாங்காத நேரத்தில் கைகொடுத்த துணை. கொடுத்தவர்களும் அதே பசியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். நம் வீடுகளிலோ, ஸஹருக்கு எழுந்திருக்காத தகப்பன், பிள்ளையின் நோன்புக்கு விலை பேசுகிறான்!

நமக்கு ஹதீஸ் போதும். ஆயினும் மனோதத்துவ அறிஞர்கள் கண்டதையும் ஒரு வார்த்தை சொல்கிறேன். 1973-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து நர்ஸரிப் பள்ளியில், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள சிறு பிள்ளைகளை மூன்று பிரிவாக்கிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. ஒரு பிரிவிடம் 'வரைந்தால் பரிசு உண்டு' என்று முன்னதாகச் சொன்னார்கள். ஒரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பின் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, விலை பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கோ ஆசை குறையவில்லை. ஆக, கெடுத்தது பரிசு அல்ல, முன்கூட்டிப் பேசிய பேரம்.

அப்படியானால் பிள்ளைக்கு எதுவுமே கொடுக்கக் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைச் சொல்லும் இடத்தில், நல்ல குணம் வெளிப்படும்போது பிள்ளையைக் கண்ணியப்படுத்தி, அவன் மகிழும்படி ஏதேனும் கொடுத்து, பிறர் முன்னிலையில் புகழவும் சொல்கிறார்கள். படிக்கப் போகாத பையனை முதலில் பந்தும் மட்டையும் காட்டி அழைக்கலாம். பிறகு நல்ல உடையின் ஆசைக்கும், அதன் பின் பதவி ஆசைக்கும், கடைசியில் அதிலிருந்து ஆகிரத்தின் ஆசைக்கும் அவனைப் படிப்படியாக நகர்த்த வேண்டும் என்பது அவர்கள் காட்டும் வழி. ஏணி ஏறத்தான் வேண்டும். முதல் படியிலேயே நாற்காலி போட்டு உட்காரக் கூடாது. ஐம்பது நூறாவது, அதே படியில் நாற்காலியை அகலமாக்குவது.

அந்த ஏணியில் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று கஸ்ஸாலி இமாம் தம்மையே கேட்டுக்கொண்ட கதை, ஆலிம்களாகிய எங்களுக்கு உறக்கம் கெடுப்பது. ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் அவர்கள் தலைமை ஆசிரியர். முன்னூறு மாணவர்கள் பாடம் கேட்டார்கள். இதைவிட மேலான வேலை ஏது? ஆனால் பாடம் நடத்துவதில் தம் நிய்யத்தைத் துருவிப் பார்த்தபோது, அது அல்லாஹ்வுக்காக இல்லை, பெயருக்காகவும் புகழுக்காகவுமே தம்மைத் தள்ளுகிறது என்று கண்டுகொண்டார்கள். விடவும் முடியாமல் தொடரவும் முடியாமல் ஏறத்தாழ ஆறு மாதம் தவித்தார்கள். பாடம் நடத்த நாவே எழவில்லை. சோறு இறங்கவில்லை. ஹிஜ்ரி 488-ல் (1095) எல்லாவற்றையும் விட்டு டமாஸ்கஸ் புறப்பட்டார்கள். பல்லாண்டு கழித்து, ஹிஜ்ரி 499-ல் (1106) நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். வெளிப் பார்வைக்கு அதே பாயும் அதே கிதாபும்தான். ஆனால் முன்பு பதவியைத் தேடித்தரும் கல்வியைக் கற்பித்தேன், இப்போது பதவியைத் துறக்கச் செய்யும் கல்விக்கு அழைக்கிறேன் என்ற கருத்தில் அவர்களே எழுதி வைத்தார்கள்.

இமாமைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. ஓதி முடித்து முதன்முதலாக ஒரு பள்ளிவாசலில் இமாமத் செய்தபோது, ஸுபுஹுத் தொழுகையில் நீண்ட சூராக்களை இழுத்து ஓதுவேன். முதல் ஸஃப்பில் முத்தவல்லி நிற்பார். நல்ல குரலுக்கு உருகுகிறவர். ஒரு மழை நாள், மோதினாரும் ஒரு முதியவரும் மட்டுமே பின்னால். இரண்டு சின்ன சூராவில் தொழுகை முடிந்தது. ஸலாம் கொடுத்துத் திரும்பியதும் அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "ஹஜ்ரத், முத்தவல்லி ஊரிலே இல்லையோ?" என்றார்.

மழையில் முளைத்த காளான் போல அன்று நின்றேன். மறுநாள் முதல், முத்தவல்லி நிற்கும்போதும் சின்ன சூராவே ஓதினேன். ஒரு மாதம் கழித்துத்தான் விளங்கியது, 'ஹஜ்ரத் எவ்வளவு அடக்கமானவர்' என்று ஜனங்கள் சொல்லவேண்டும் என்பதற்காக அது! மனிதர்களுக்காக ஒரு அமலை விட்டுவிடுவதும் முகஸ்துதியே என்று ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்கள் எச்சரித்ததை மதரஸாவில் மனப்பாடம் செய்திருந்தேன். பொருள் அன்றுதான் புரிந்தது. பிறகு வழக்கம்போல நீட்டி ஓதினேன். ஆனால் வீட்டில் தனியாகத் தொழும் இரவுத் தொழுகையிலும் அதே அளவு ஓதுவது என்று ஏற்படுத்திக்கொண்டேன். இன்றுவரை பல இரவுகளில் தோற்கிறேன்.

இதில் ஒரு ஆறுதலும் உண்டு. அல்லாஹ்வுக்காகச் செய்த நற்செயலை மக்கள் புகழ்வது பற்றிக் கேட்கப்பட்டபோது, அது முஃமினுக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கியதாக முஸ்லிமில் வருகிறது. புகழ் தேடி வந்தால் குற்றமில்லை. அமல் புகழைத் தேடிப் போகலாகாது. அதுபோலவே சம்பளம் வாங்கும் இமாமும், ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் வியாபாரம் செய்பவரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. இரண்டு நாட்டங்களில் எது கனமானது என்றே கஸ்ஸாலி இமாம் நிறுத்துப் பார்க்கிறார்கள்.

இனி அந்தத் தாய்க்குச் சொல்லியனுப்பியது. போன வருஷம் பேசியதில் பாக்கி இருந்தால் முதலில் கொடுத்துவிடுங்கள். 'வா, ஒன்று தருகிறேன்' என்று பிள்ளையை அழைத்த ஒரு தாயிடம், என்ன தர இருந்தீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டு, பேரீச்சம்பழம் என்றதும், கொடுக்காமல் விட்டிருந்தால் அது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள், அபூதாவூதில் உள்ளது. அதன்பின், இனி நோன்புக்கு விலை இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முடிந்ததைப் பிடிக்கட்டும், முடியாததை விடட்டும். ஸஹருக்கு எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். அஸருக்குப் பின் பள்ளியிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கிவந்து பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் கொடுக்கும் பொறுப்பு அவனுடையதாக இருக்கட்டும். பெருநாள் காசை, நோன்பு பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்று பாராமல் எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள்.

பெருநாள் கழிந்து அவர் வீட்டிலிருந்து தகவல் வந்தது. இந்த வருஷம் பதினொரு நோன்புதான் பிடித்தானாம். அதில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் பரீட்சை என்பதால் உம்மா ஸஹருக்கு எழுப்பாமல் விட்ட நாள். பாங்கு சொல்வதற்குச் சற்று முன் தானே விழித்து, அடுப்படியில் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தது, மாலையில் கஞ்சி வாங்கப் பாத்திரம் எடுத்தபோதுதான் வீட்டாருக்குத் தெரிந்ததாம்.