கருணையும் கவளமும்

ஓர் உயிரைத் துன்பத்தினின்று மீட்டுவிட்டோம் என்று எப்பொழுது சொல்லலாம்? பூட்டைத் திறந்த அன்றா? சட்டம் கைநீட்டி விற்பவனிடமிருந்து அதைப் பறித்த அன்றா? அன்றி, அதன்பின் பல்லாண்டுகள் அதன் முன் வைக்கப்படும் ஒவ்வொரு வேளை உணவிலும் அம்மீட்பு மீண்டும் மீண்டும் நிகழ வேண்டுமா? கொல்கத்தா நகரத்துச் செய்தியொன்று இவ்வினாவை எம்முள் எழுப்பியது.

2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், மத்திய அமலாக்கத் துறையினர் மூன்று சிம்பன்சிகளையும் நான்கு மார்மொசெட் குரங்குகளையும் கள்ளப்பணத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ச் சொத்தாகக் கருதி முடக்கினர். சிம்பன்சி ஒன்றுக்கு 25 இலட்சம் ரூபாய், மார்மொசெட் ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம், ஆக 81 இலட்சம் என்று மதிப்பும் இட்டனர். வீடும் நிலமும் நகையும் முடக்கப்படுதல் உலக வழக்கு. மூச்சுவிடும் பிராணிகளை அச்சட்டத்தின்கீழ் முடக்கியது அதுவே முதன்முறை. காட்டு விலங்கு வாணிகக் குற்றம் சாட்டப்பெற்ற ஒருவரிடமிருந்து முன்னரே கைப்பற்றப்பட்டு, அவை அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருந்தன. சிம்பன்சியின் தாயகம் ஆப்பிரிக்கா. மார்மொசெட்டின் தாயகம் தென் அமெரிக்கா. இரண்டும் கங்கைக் கரைக்கு எவ்வளவு தொலைவு என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடக்கப்பட்ட வீட்டுக்கு ஒரு பூட்டும் ஒரு முத்திரையும் போதும். முடக்கப்பட்ட குரங்குக்கோ மறுநாட் காலையில் பசிக்கும். அதன் தட்டில் எதை வைப்பது? “குரங்குக்கு வாழைப்பழம்” என்று சிறு குழந்தையும் விடை சொல்லும். அவ்விடை எத்துணைத் தவறானது என்பதையே இங்குக் கூற விரும்புகிறோம்.

முதலில் மார்மொசெட்டை எடுத்துக்கொள்வோம். அணிற்பிள்ளை அளவினதான இக்குரங்கு, கீழ்த்தாடையின் முன்பற்களை உளிபோல் நாட்டி மரப்பட்டையைக் குடைந்து, அங்கே கசியும் பிசினை நக்கியுண்ணும். பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். பிசினோ எளிதில் செரிக்கும் பண்டமன்று. இரைப்பையின் நீர் அதைக் கரைத்துவிடாது. சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் உள்ள பை போன்ற பகுதியில் அது தங்கிக் கிடக்க, அங்குக் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்லப் புளிக்கச் செய்து, உடல் ஏற்கத்தக்க சத்தாக மாற்றித் தருகின்றன. இத்தகைய குடலுக்குள் கனிந்த பழமும் ரொட்டியும் இனிப்பும் நாள்தோறும் இறங்கினால் யாது நிகழும்? பிசினை நம்பி வாழ்ந்த நுண்ணுயிர்கள் இரையின்றிக் குறைகின்றன; சர்க்கரையை விரும்பும் வேறினங்கள் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. கூண்டில் வாழும் மார்மொசெட்டுகளுக்கு நாட்பட்ட வயிற்றுப்போக்கும் உடல்மெலிவும் கூடிய நோய் ஒன்று வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். அதற்குக் காரணம் ஒன்றன்று. உணவும் அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆதலால் அறிந்த காப்பாளர்கள் வேலம்பிசினைக் கரைத்து, மரக்கட்டையில் துளையிட்டு, அத்துளைகளில் ஊற்றி வைக்கின்றனர். நம் ஊர்க் கடைகளில் மருந்துக்கு விற்கும் பிசினின் இனத்ததே அது. விலை சிறிது; அதை வைக்கவேண்டும் என்று அறிதலே அரிது.

சிம்பன்சி பழம் உண்ணும் விலங்குதானே என்பீர். மெய்தான். ஆனால் காட்டுப் பழம் வேறு, சந்தைப் பழம் வேறு. நாம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த வாழையும் மாவும் மனித நாவுக்காகச் செய்யப்பட்டவை: சர்க்கரை மிகுதி, நார் குறைவு. காட்டத்தியோ விதையும் நாரும் செறிந்தது, சற்றுத் துவர்ப்பது. 2014இல் இங்கிலாந்து நாட்டின் பெயின்டன் விலங்குக் காட்சிசாலை, பல்நோயும் நீரிழிவும் வரக்கூடும் என்று கூறித் தன் குரங்குகளுக்கு வாழைப்பழம் தருவதை நிறுத்திற்று. செய்தி படித்தோர் நகைத்தனர் என்பது நினைவு. நகைப்புக்கு இடமில்லை. ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சி இலையும் தண்டின் உட்சோறும் உண்கிறது. வயிற்றில் புழு மிகுந்தபொழுது கசப்புமிக்க செடியொன்றின் தண்டை மென்று சாற்றை விழுங்குவதையும், சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து விழுங்குவதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கசப்பைத் தானே தேடிச்செல்லும் விலங்கை நாம் இனிப்பால் மட்டும் உபசரிக்கிறோம்.

இலையே உணவாகக் கொண்ட குரங்குகளின் நிலை இன்னும் நுட்பமானது. வங்க நாட்டுச் சிற்றூர்களில் திரியும் நீண்ட வாலுடைய அனுமான் குரங்கு, தமிழில் நாம் முசு என்று வழங்கும் இனத்தது. அவ்வினத்தின் இரைப்பை, பசுவின் இரைப்பையைப் போலப் பல அறைகளாகப் பிரிந்தது. இலையைப் புளிக்கவைக்கும் அவ்வறைகளில் திடீரெனச் சர்க்கரை மிகுந்தால் புளிப்பும் காற்றும் பெருகி வயிறு உப்பும். உயிருக்கே ஊறு நேர்வதுண்டு. இம்முசுவுக்கு உறவான வியத்நாம் நாட்டு டூக் குரங்கையும், நடு அமெரிக்காவின் ஊளைக் குரங்கையும் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் குழு ஒன்று 2016இல் தன் முடிவை வெளியிட்டது. காட்டில் வாழும் குரங்கின் குடலில் அதற்கே உரிய பல்வகை நுண்ணுயிர்கள் உள. கூண்டில் வாழும் அதே இனத்தின் குடலில் அவை பெரும்பாலும் அழிந்து, பிரிவோடெல்லா, பாக்டீராய்டிஸ் என்னும் வகைகள் மேலோங்குகின்றன. இவ்விரண்டும் இக்கால மனிதரின் குடலில் மிகுந்திருப்பவை. உணவில் நாரும் செடிவகையும் குறைவதை முதன்மைக் காரணமாக அவர்கள் சுட்டினர். வியத்நாமின் மீட்பு நிலையத்தில் உள்ளூர் இலைகளை உண்டு வாழும் குரங்குகளோ இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இருந்தன.

இச்செய்தியை ஊன்றி நோக்குமின். வெளியே தோலும் மயிரும் வாலும் குரங்காகவே இருக்க, உள்ளே குடல் மனிதச் சாயலுற்றது. கம்பிக் கூண்டைத் திறந்துவிட்டாலும் இந்த உட்கூண்டு உடனே திறவாது. வியத்நாமின் செய்தி மட்டும் சிறிது நம்பிக்கை தருகிறது: உரிய இலையை இட்டால், இழந்ததில் ஒரு பகுதியேனும் நிலைபெறும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதை எளிதில் தள்ளுதல் நேர்மையன்று. “தாயையும் காட்டையும் இழந்த பிராணி, ஆயுள் முழுதும் கூண்டிலேயே கழிக்கப்போவது. அதன் நாவுக்கு எஞ்சிய இன்பத்தையும் பறித்து இலையையும் பிசினையும் நீட்டுவது கருணையா?” என்று கேட்கலாம். நெஞ்சைத் தொடும் கேள்வியே. எனினும் அவ்வின்பத்தின் விலையை யார் கொடுக்கின்றனர்? பழத்தை நீட்டியவர் அதன் முகமலர்ச்சியைக் கண்டு மகிழ்ந்து வீடு செல்கிறார். இரவெல்லாம் வயிற்றுநோயால் முடங்கிக் கிடப்பது குரங்கு. பெறுபவரின் உடலை அறியாது இடும் தானத்தில், இடுபவரின் மனநிறைவே பெரும்பங்கு கொள்கிறது என்று அஞ்சுகிறோம். மேலும், காட்டில் விலங்கின் இன்பம் நாவில் மட்டும் இருப்பதன்று. தேடுதல், உரித்தல், குடைதல், மெல்லுதல் ஆகியவற்றில் அதன் நாளின் பெரும்பகுதி கழிகிறது. கிளையோடு இலையை வைத்து, உணவைப் பொந்துகளில் மறைத்து வைக்கும் காப்பாளர் அந்த நாளை அதற்குத் திருப்பிக் கொடுக்கிறார். துண்டமிட்ட பழம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பின்பு எஞ்சிய பகல் முழுதும் அது என் செய்யும்?

உணவை மாற்றுவதிலும் பொறுமை வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் குடல் தாங்காது. பெருந்தீனி உண்டு மூச்சுத் திணறிய கோசல மன்னன் பசேனதியின் கதையை நம் உபாசகர் அறிவர். பகவர் அவனைக் கடிந்து பட்டினி போடவில்லை. உணவின் அளவறிதலைப் பற்றி மொழிந்தருளினார். அம்மொழியை ஒவ்வொரு வேளையும் உணவின்போது ஓதுமாறு மன்னன் ஓர் இளைஞனை அமர்த்தினான், படிப்படியாகக் குறைத்து ஒரு நாழிச் சோற்றளவில் நின்றான், உடல் தேறினான். மன்னனுக்கு ஓதக் கேட்கும் செவி இருந்தது. குரங்குக்காக நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேடிக்கை பார்க்கச் செல்லும் நம்மைப் பற்றியும் ஒரு சொல். காட்சிசாலை விலங்குக்கு உணவிடுதலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவொன்றினால் தடை செய்துள்ளது. ஆயினும் கம்பிக்கு அப்பால் பறக்கும் பிஸ்கத்துகளும் கடலைப் பொட்டலங்களும் நின்றபாடில்லை. எறிபவர் கொடியவர் அல்லர். பெரும்பாலும் குழந்தையைத் தோளில் சுமந்த நல்ல தந்தையே. மலைக்கோயில் படிகளில் குரங்குக்குப் பழம் நீட்டிப் புண்ணியம் சேர்த்த பழக்கம் நம் கைகளிலும் இன்னும் உள்ளது.

1876இல் திறக்கப்பெற்ற அதே அலிப்பூர்ச் சாலையின் கண்காணிப்பாளராக விளங்கிய இராமபிரம்ம சான்யால் என்னும் வங்க அறிஞர், 1892இல் விலங்குப் பராமரிப்பைப் பற்றி ஒரு கைந்நூல் வெளியிட்டார். கூண்டில் வாழும் ஒவ்வோர் இனத்துக்கும் உறைவிடம் யாது, உணவு யாது, நோயுற்றால் செய்வது யாது என்று தாமே கண்டறிந்தவற்றை அதில் தொகுத்தார். நுண்ணுயிர்களைப் பற்றிய இன்றைய அறிவு அவருக்கு இல்லை. ஒவ்வொரு பிராணியையும் தனித்தனியே கூர்ந்து நோக்கும் கண் இருந்தது. இன்றும் நல்ல காப்பாளர் காலையில் கூண்டருகே வந்ததும், குரங்கு தம்மைக் கண்டு துள்ளுகிறதா என்று மட்டும் பார்த்து நின்றுவிடுவதில்லை. குனிந்து தரையில் கிடக்கும் மலத்தின் இறுக்கத்தையும் நிறத்தையும் பார்க்கிறார். நேற்றைய தட்டில் எஞ்சியவற்றை எண்ணுகிறார். பிறகே இன்றைய இலைக்கட்டை அவிழ்க்கிறார்.