வரையாமல் விட்டது

புதிய காமிக்ஸ் ஒன்றுக்கு மதிப்புரை எழுதும்போது பெரும்பாலும் கதையைச் சுருக்கிச் சொல்கிறோம். மொழிபெயர்ப்பை எடைபோடுகிறோம். தாளும் அச்சும் விலைக்குத் தகுமா என்று பார்க்கிறோம். படங்களுக்கு வரும்போது 'ஓவியங்கள் அருமை' என்று இரண்டு சொல்லில் கடந்துவிடுகிறோம். ஓர் ஓவியர் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்த வேலைக்கு அவ்வளவுதான் இடம்.

மதிப்புரை எழுத வரும் இளைஞர்களைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை. நடராசர் கோயிலின் கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் கரணம் எனும் நாட்டியக் கூறுகளின் சிற்பங்கள் கட்டம் கட்டமாக மேலேறுகின்றன. ஆடும் பெண்ணின் உருவத்தோடு நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை அசையாத கோலங்களாகவே பலர் பார்த்தார்கள். இதே ஊரின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற நடனக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம், அவை அசைவுகள் என்று வாதிட்டார், ஆடியும் காட்டினார். ஓடும் அசைவில் ஒரு கணத்தைத்தான் சிற்பி கல்லில் நிறுத்துகிறார். அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைப் பார்ப்பவர் மனம் ஆடிக்கொள்ள வேண்டும்.

காமிக்ஸ் ஓவியர் செய்வதும் இதுவே. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் நாயகன் மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் தெரியும். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அந்தக் கையை மட்டும் வரைந்தார். கை நிற்கும் உயரத்தையும் சாய்வையும் வைத்தே, அவன் பதுங்குகிறானா பாய்கிறானா என்பது கடலூர்ப் பேருந்து நிலையக் கடையில் இதழ் வாங்கிய பையனுக்கும் விளங்கியது. மீதி ஆளை வரைந்தவன் அந்தப் பையன்தான்.

அம்பேத்கரின் தீண்டாமை அனுபவங்களைச் சொல்லும் 'பீமாயணம்' 2011-இல் வந்தது. கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்தார்கள். கனிவான பேச்சுக்குப் பறவை வடிவில் குமிழ். நஞ்சு கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைத்த குமிழ். கதையை மட்டும் சொல்லும் மதிப்புரை இந்த நூலில் பாதியைத் தொடவே இல்லை.

நல்ல படக்கதை வாசகரை நம்புகிறது. கதவு திறப்பதை வரைந்துவிட்டு, மேலே 'அவன் கதவைத் திறந்தான்' என்றும் எழுதுகிற நூலுக்கு அந்த நம்பிக்கை இல்லை. வண்ணமும் வழவழப்புத் தாளும் அந்தக் குறையை ஈடு செய்யாது. ஓவியர் எதை வரையாமல் விட்டார், அதை நிரப்ப என்னை அனுமதித்தாரா என்பதே மதிப்புரையாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

அடுத்த நூல் கைக்கு வந்ததும் குமிழ்களைப் படிக்காமல் ஒருமுறை படங்களை மட்டும் பாருங்கள். பிறகு எழுதுங்கள். எழுதும்போது ஓவியரின் பெயரை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.